மழலை கேட்ட கேள்வி



குழந்தைகள் உள்ள வீட்டிலே மறையுரை ஆற்றுவதற்குக் குரு வேண்டியதில்லை என்பது நம் நெடுநாளைய அனுபவம். கோவிலில் நாம் இருபது நிமிடம் முயன்றும் எட்டாத இடத்தை, சோற்றுத் தட்டின் முன் அமர்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை ஒரே கேள்வியால் எட்டிவிடுகிறது. நம்முடைய மறையுரையின்போது சிலர் கொட்டாவி விடுவார்கள். பிள்ளையின் மறையுரையின்போதோ எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு தலை குனிந்துகொள்வோரும் உண்டு.

அத்தகைய வீடு ஒன்றைப் பற்றி இத்திங்கள் எழுத எண்ணுகிறோம். அவ்வீட்டாரின் இசைவு பெற்றே எழுதுகிறோம். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறோம். கடவுளுக்குப் பெயர்கள் தெரியும், அது போதும்.

காரைக்கால் நகரை ஒட்டிக் கடலோரத்தில் அமைந்திருக்கிறது கிளிஞ்சல்மேடு. கடலை நம்பிப் பிழைக்கும் ஊர் என்பதை அதன் பெயரே சொல்லிவிடும். ஊராரில் பெரும்பாலோர் இந்து மீனவப் பெருமக்கள். நாம் குறிப்பிடும் குடும்பமோ கத்தோலிக்கக் குடும்பம். தந்தை விசைப்படகில் தொழில் செய்பவர். தாய் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை பார்ப்பவர். எட்டு வயதில் ஒரு மகன், ஐந்து வயதில் ஒரு மகள். இவர்களுடன் தந்தையைப் பெற்ற தாயும் இருக்கிறார். பிள்ளைகள் அவரை "ஆயா" என்று அழைப்பார்கள். நாமும் இக்கட்டுரையில் அப்படியே அழைப்போம்.

சோதனையும் சாவடியும்

ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது என்பது அரசின் ஆணை. மீன்கள் இனம் பெருக்கும் காலமாகையால் இந்தத் தடை. படகுகள் துறையிலே கட்டிக் கிடக்கும். வலைகளைச் செப்பனிடுவதும் படகுக்கு வர்ணம் பூசுவதுமாக ஆண்கள் கரையிலே காலம் கழிப்பார்கள். கடலுக்குப் போயிருக்கும் தந்தையைப் பிள்ளைகள் நினைத்து ஏங்குவார்கள். வீட்டிலே இருக்கும் தந்தையைக் கூர்ந்து கவனிப்பார்கள். இரண்டு மாதக் கவனிப்பில் பிள்ளை கற்றுக்கொள்வது, ஓராண்டு மறைக்கல்வியில் கற்பதைக் காட்டிலும் மிகுதி என்று சொல்லலாம்.

2024-ஆம் ஆண்டு மே மாதம், கோடை விடுமுறை மறைக்கல்வி வகுப்பில் ஆண்டவர் கற்பித்த செபத்தைப் பகுதி பகுதியாக விளக்கிக்கொண்டிருந்தோம். சோதனையைப் பற்றிய பகுதி வந்தது. "சோதனை என்றால் என்ன? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டோம். நம் விசைப்படகுக்காரரின் மகன் எல்லாருக்கும் முந்திக் கையை உயர்த்தினான்.

"வாஞ்சூர்ல போலீஸ்காரங்க வண்டிய நிறுத்துவாங்களே, அதுதான் சாமி!"

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்த பகுதி. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். மதுவின் விலை இங்கே குறைவு. ஆகவே எல்லையிலுள்ள வாஞ்சூர்ச் சோதனைச் சாவடியில் நாகூர்ப் பக்கம் செல்லும் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது வழக்கம். வேளாங்கண்ணி இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவுதான். திருப்பயணம் செல்வோரும் அந்தச் சாவடியைத் தாண்டியே செல்ல வேண்டும்.

நாம் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆசிரியர்களுக்கே உரிய ஆசையினால், "சரி, அந்தச் சோதனையில் விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" என்று மேலும் கேட்டுவிட்டோம்.

"பாட்டில துணி மூட்டைக்கு அடியில வெச்சிட்டு, வேளாங்கண்ணி மாதாவ வேண்டிக்கணும். போன வருசம் எங்கப்பா அப்படித்தான் செஞ்சாங்க. மாதா காப்பாத்திட்டாங்க சாமி!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. உதவிக்கு வந்திருந்த உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நாமும் சிரித்தோம். பையனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொன்ன பெருமிதத்துடன் அவன் அமர்ந்தான்.

அன்று மாலையே தந்தை நம் இல்லத்துக்கு வந்துவிட்டார். செய்தி அவருக்கு முன்னரே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. "பையன் ஏதோ உளறிட்டானாம் சாமி" என்று தொடங்கியவர், வாசற்படியில் அமர்ந்து சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அடிக்கத்தான் கைய ஓங்கினேன் சாமி. 'நான் பொய்யா சொன்னேன் அப்பா?'ன்னு கேட்டான். கை அப்படியே நின்னுபோச்சு."

அதன்பின் அவர் நம்மிடம் பேசியவற்றை எழுத நமக்கு உரிமையில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு அவர் குடும்பத்தோடு சென்றபோது, சாவடியில் தாமே முன்வந்து மூட்டையை அவிழ்த்துக் காட்டினார் என்று மட்டும் பையன் நமக்குத் தெரிவித்தான். "ஒண்ணுமே இல்ல சாமி, துணிதான் இருந்திச்சு" என்று சொன்னபோது அவன் குரலில் சற்று ஏமாற்றம் தெரிந்தது.

அந்தப் பையன் செபத்தைத் தவறாகப் புரிந்துகொண்டான் என்று நாம் எண்ணவில்லை. வீடு கற்பித்ததை அப்படியே ஒப்புவித்தான். பிடிபடாமல் தப்புவதற்கு உதவும் தந்திரமே செபம் என்பது அவ்வீட்டில் யாரும் சொல்லாமலே அவன் கற்ற பாடம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்ற பொருளில் குறிப்பிட்டு, பெற்றோரே பிள்ளைகளுக்கு முதன்முதல் விசுவாசத்தை அறிவிப்பவர்கள் என்று போதித்தது. மறுஆண்டு வெளிவந்த மற்றோர் ஏட்டில், பிள்ளைகளும் தங்களுக்குரிய வழியிலே பெற்றோரின் புனிதத்துக்குத் துணைபுரிகிறார்கள் என்றும் அதே சங்கம் கூறியது. முதற் போதனையைப் பல கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். இரண்டாவது போதனை நிறைவேறும்போது பெற்றோருக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கும்.

ஒரு தாயின் கடிதம்

பிள்ளைகள் இப்படிப் பேசும்போது பெற்றோர் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: அதட்டுகிறார்கள், அல்லது விருந்தினர் முன்னிலையில் மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்லி வேடிக்கை பார்க்கிறார்கள். மூன்றாம் வழி ஒன்று உண்டு. அதற்கு ஒரு பிரெஞ்சுத் தாயை எடுத்துக்காட்டலாம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தக் காரைக்காலில் நம் வீடுகள் பலவற்றில் அவருடைய மகளின் படம் தொங்குகிறது. குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளை, நம் சிறுமலரைத்தான் சொல்கிறோம்.

அவருடைய தாய் செலி மார்த்தென், அலென்சோன் நகரில் பின்னல் சரிகைத் தொழில் நடத்தியவர். கணவர் லூயி கடிகாரம் பழுது பார்ப்பவராக இருந்தவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்த பெற்றோர் அவர்கள். 1873-இல் பிறந்த கடைக்குட்டி தெரேசுக்கு மூன்று வயது கூட நிறையாத காலத்தில், குழந்தை தாயைக் கட்டித் தழுவி, "அம்மா செத்துப்போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்ற பொருளிலே பேசுமாம். எந்தத் தாய்தான் திடுக்கிடமாட்டாள்? ஏனென்று கேட்டால், மோட்சம் போவதற்குச் செத்துத்தானே ஆக வேண்டும், அம்மா மோட்சம் போக வேண்டுமென்று ஆசையாக இருக்கிறது என்று விளக்கம் வரும். அன்பு மிகும் வேளைகளில் தந்தைக்கும் இதே வாழ்த்து கிடைத்ததாம்!

செலி அம்மாள் பிள்ளையை அடிக்கவில்லை. விடுதியில் தங்கிப் படித்த மற்றொரு மகளுக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சிரிப்போடு எழுதிவைத்தார். எழுதிவைத்ததனால்தான் நாம் இன்று படிக்கிறோம். அதன்பின் ஈராண்டுகளுக்குள், 1877 ஆகஸ்டு 28-ஆம் நாள், அந்தத் தாய் மார்பகப் புற்றுநோயால் உயிர்நீத்தார். தெரேசுக்கு அப்போது ஐந்து வயதும் நிறையவில்லை. விளையாட்டாக விரும்பிய மோட்சம் இப்போது தாயைப் பறித்துக்கொண்ட இடமாகிவிட்டது. கலகலப்பான அக்குழந்தை அன்றுமுதல் கூச்சமும் கண்ணீரும் மிக்கவளாய் மாறிப்போனாள் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். செலியும் லூயியும் 2015 அக்டோபர் 18-ஆம் நாள் ஒன்றாகவே புனிதர் பட்டம் பெற்றார்கள்.

பிள்ளையின் பேச்சிலே சிரிப்பும் சாவும் அடுத்தடுத்து நிற்கும். பிள்ளைக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். கிளிஞ்சல்மேட்டு வீட்டிலும் அவ்வாறே நடந்தது.

மாங்கனியும் அப்பமும்

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குத் திரும்பியபின், ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடந்தது. அறுபத்து மூன்று நாயன்மாருள் ஒருவரான காரைக்கால் அம்மையார், கணவர் அனுப்பிய மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்கு இட்டதை நினைவுகூரும் விழா அது. சுவாமி வீதியுலா வரும்போது இந்துச் சகோதரர்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அண்டை வீட்டாரோடு வேடிக்கை பார்க்கச் சென்ற ஐந்து வயதுச் சிறுமி ஒரு பழத்தோடு திரும்பினாள். மறுநாள் மாலை நம்மைக் கண்டதும் வழக்கைத் தொடங்கிவிட்டாள்.

"நம்ம கோயில் திருநாளுக்கு ஏன் சாமி யாரும் ஒண்ணும் எறியறதில்ல?"

"எறிவதில்லையம்மா. நாங்கள் கையிலேயே கொடுக்கிறோமே, பூசையில்."

"எனக்குக் குடுக்கலியே!"

இது நியாயமான முறையீடு. குழந்தைகளுக்கு நற்கருணை கொடுப்பதைப் பன்னிரண்டு, பதினான்கு வயது வரை தள்ளிவைத்த காலம் ஒன்று இருந்தது. பாப்பரசர் புனித பத்தாம் பத்திநாதர் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியிட்ட ஆணையின் வழியாக அதை மாற்றினார். ஏறத்தாழ ஏழு வயதில், பகுத்தறியும் பருவம் வந்ததும், பிள்ளை புதுநன்மை வாங்கலாம். பெரிய வேதசாத்திர அறிவு வேண்டியதில்லை. தன் வயதுக்கேற்ப விசுவாசத்தின் முக்கிய உண்மைகளை அறிந்து, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணை அப்பத்துக்கும் வேறுபாடு தெரிந்திருந்தால் போதும் என்பதே அதன் சாரம். அதை மனத்திற்கொண்டு அவளிடம் சொன்னோம்: "அது நாம் வீட்டிலே சாப்பிடுகிற அப்பம்போல இல்லை என்று உனக்குத் தெரிந்தபின் கொடுப்போம்."

"எனக்குத் தெரியுமே! அதச் சாப்பிட்டா ஆயா அழுவாங்க. இட்லி சாப்பிட்டா அழமாட்டாங்க."

அருகில் நின்ற தாய் வாய்விட்டுச் சிரித்தார். நம்மால் சிரிக்க முடியவில்லை. ஆயா ஏன் அழுகிறார் என்பது நமக்குத் தெரியும். அதில் நமக்கும் ஒரு பங்குண்டு.

இருபது ஆண்டுகளுக்கு முன்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். திருவழிபாட்டு நாள்காட்டிப்படி அன்று திருக்குடும்பத் திருநாள். ஆயா தம் பதினான்கு வயது மூத்த மகனை அழைத்துக்கொண்டு நகரிலுள்ள கோவிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார். ஆறு வயது இளைய மகன் முந்தின நாள் கொண்டாட்டத்தின் அலுப்பில் நன்கு உறங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனமில்லாமல் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் சென்றார். காலை ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது.

அன்று இந்தக் கரையிலே நிகழ்ந்ததை மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு முதலான மீனவ ஊர்கள் எத்தனையோ உயிர்களை இழந்தன. வேளாங்கண்ணியிலே கடற்கரைக்குச் சென்றிருந்த திருப்பயணிகள் பலர் மாண்டார்கள். அந்தச் சிறுவனும் திரும்பவில்லை.

நாம் அப்போது குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன இளங்குரு. நிவாரணப் பணிக்காக அனுப்பப்பட்டு இப்பகுதிக்கு வந்திருந்தோம். மூன்றாம் நாள் அந்தத் தாயைச் சந்தித்தோம். "பூசைக்குத்தானே சாமி போனேன்?" என்று அவர் கேட்டார். குருமடத்தில் பயின்ற பாடம் நம் நாவின் நுனியில் இருந்தது. இறைவன் விரும்புவது வேறு, அனுமதிப்பது வேறு என்று தொடங்கி, கால்மணி நேரம் விளக்கினோம். அவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். முடிவில் "சரிங்க சாமி" என்றார்.

நாம் சொன்னது வேதசாத்திரப்படி தவறன்று. ஆயினும் பசித்தவனுக்குச் சமையல் நூலைப் படித்துக் காட்டியதற்கு அது ஒப்பாகும். பின் பல பங்குகள் மாறி, மீண்டும் இப்பகுதிக்கே பங்குக் குருவாக வந்து சேர்ந்தோம். ஆயா ஒரு ஞாயிறுகூடப் பூசைக்குத் தவறியதில்லை. நன்மை வாங்குவார்; இடத்துக்குத் திரும்பிக் கண்ணீர் விடுவார். ஆனால் அன்றைக்குப் பிறகு நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

உறங்கியவரை எழுப்புதல்

மாங்கனி வழக்கு நடந்த அதே வாரத்தின் இறுதியில், 2024 ஜூன் 23 ஞாயிறன்று, வாசிக்கப்பட்ட நற்செய்தி என்ன தெரியுமா? புயலிலே படகு தத்தளிக்க, ஆண்டவர் பின்னணியத்தில் தலையணைமேல் உறங்கிக்கொண்டிருந்த நிகழ்ச்சி. மாற்கு எழுதிய நற்செய்தி நான்காம் அதிகாரம். தடை நீங்கிக் கடலுக்குப் போன ஆண்களில் பலர் அன்று கரை திரும்பியிருக்கவில்லை. நம் விசைப்படகுக்காரரும் கடலிலேதான் இருந்தார். நாம் பிரசங்கத்தில் புயலைப் பற்றி அதிகம் பேசாமல், விசுவாசத்தைப் பற்றி விரிவாகப் பேசி முடித்தோம். இருபது ஆண்டு ஆனபின்னும் இந்தக் கரையில் அந்தப் பகுதியை விளக்க நமக்குத் துணிவு போதவில்லை என்பதே உண்மை.

பூசை முடிந்து கோவில் வாயிலில் நின்றோம். சிறுமி ஆயாவின் கையைப் பிடித்தபடி வந்தாள்.

"சாமி, ஏசு எதுக்குப் படகுல தூங்கினாரு?"

"களைப்பாக இருந்தாரம்மா. நாளெல்லாம் மக்களுக்குப் போதித்துக் களைத்துப்போனார்."

"எங்க சின்ன சித்தப்பாவ அலை கொண்டுட்டுப் போச்சாமே, அப்பவும் களைப்பா இருந்தாரா?"

நம்மைச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தாய் ஓடிவந்து பிள்ளையின் வாயைப் பொத்தினார். ஆயா அந்தக் கையை விலக்கினார். பிறகு, நம்மைப் பார்க்காமல், பேத்தியிடம் சொன்னார்:

"நான் கத்தினேன்டி. கோயில்லேருந்து கடக்கரை வரைக்கும் அவரக் கூப்பிட்டுக் கத்திக்கிட்டேதான் ஓடினேன்."

பிள்ளை சற்று யோசித்தது. பிறகு ஐந்து வயதின் உறுதியோடு தீர்ப்புச் சொன்னது:

"கத்தினா எழுந்திரிக்கமாட்டாரு ஆயா. நம்ம அப்பாவும்தான் கத்தினா எழுந்திரிக்கமாட்டாங்க. தொட்டு எழுப்பணும்."

அதைக் கேட்டு ஆயா என்ன ஆவாரோ என்று நாம் அஞ்சினோம். பிள்ளை கொடுமையாகப் பேசவில்லை. தான் அறிந்த ஒரே முறையைச் சொல்லிக்கொடுத்தது. அன்றாடம் காலையில் ஆயா தன்னை எழுப்பும் முறை அது. ஆயா ஒன்றும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துபோனார். நாமும் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தது நாம் செய்த நன்மை என்று இப்போது எண்ணுகிறோம். இம்முறை கால்மணி நேர விளக்கம் இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தாய் வந்தார். "சாமி, ஒரு சந்தேகம். தினமும் ராத்திரி குடும்பச் செபம் முடிஞ்சதும் சின்னவ நாற்காலி போட்டு ஏறி, பீடத்துல இருக்கிற திருஇருதய ஆண்டவர் சுரூபத்துப் பாதத்தத் தட்டுறா. 'தூங்கிடாதீங்க, அப்பா கடல்ல இருக்காங்க'ன்னு சொல்றா. பாதத்துல வர்ணமே போயிடிச்சு. இது அவசங்கையா சாமி? நிறுத்தச் சொல்லட்டுமா?"

அப்போஸ்தலர்கள் அன்று படகிலே ஆண்டவரை எழுப்பிய விதம் இதைவிட மரியாதை குறைவானது என்று அவருக்கு நினைவூட்டினோம். நாங்கள் சாவது உமக்கு ஒரு பொருட்டில்லையா என்று குறைப்பட்டே அவர்கள் எழுப்பினார்கள். ஆண்டவர் அவர்களுடைய அச்சத்தைக் கண்டித்தாரே அன்றி, தம்மை எழுப்பியதைக் கண்டிக்கவில்லை. எழுந்து காற்றை அடக்கிய பிறகே பேசினார். "வர்ணம் போனால் பூசிக்கொள்ளலாம். தட்டட்டும்" என்றோம்.

இதிலும் சிறுமலரைப் பற்றிச் சொல்ல ஒன்றுண்டு. கார்மேல் மடத்திலே அவருடைய செபம் வறண்டு ஆறுதலற்றுப்போன காலங்களில், இயேசு தம் சிறு படகிலே உறங்குகிறார் என்று தெரேசம்மாள் எழுதினார். எல்லாரும் அவரை எழுப்பி எழுப்பிக் களைப்படையச் செய்கிறார்கள், என் படகிலாவது அமைதியாக உறங்கட்டும் என்பது அவருடைய எண்ணம். நம் கிளிஞ்சல்மேட்டுச் சிறுமியோ தட்டி எழுப்புகிறாள். எது சரி என்று கேட்பீர்கள். இருவரும் ஒன்றை மட்டும் ஐயமறக் கண்டார்கள்: அவர் படகிலேதான் இருக்கிறார். அதை நம்புகிறவர் உறங்கவும் விடலாம், தட்டியும் எழுப்பலாம்.

டிசம்பர் 26

2024 டிசம்பர் 26-ஆம் நாள், இருபதாம் ஆண்டு நினைவு. கடலோரத்தில் மக்கள் மலர் தூவி, பால் ஊற்றி, மெழுகுவர்த்தி ஏற்றி அஞ்சலி செலுத்தினார்கள். அது முடிந்தபின் அந்த வீட்டுக்குச் சென்றோம். குடில் இன்னும் பிரிக்கப்படவில்லை. மாட்டுத் தொழுவத்தில் ஆடு மாடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படகும் நின்றது. பையனின் ஏற்பாடு. "பெத்லகேமில் கடல் இல்லையே" என்றோம். "சூசையப்பருக்கு ஏதாவது தொழில் வேணுமில்ல சாமி" என்றான்! தச்சு வேலை கிளிஞ்சல்மேட்டில் எடுபடாது போலும்.

பீடத்தை நோக்கினோம். திருஇருதய ஆண்டவர் சுரூபத்தின் பாதத்தில் வர்ணம் முற்றிலும் தேய்ந்து வெள்ளைச் சுண்ணம் தெரிந்தது. அது நாம் எதிர்பார்த்ததே. சுரூபத்தின் வலது தோளிலும் வர்ணம் மங்கத் தொடங்கியிருந்தது. அதை நாம் எதிர்பார்க்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை நாற்காலிமேல் ஏறினாலும் அந்தத் தோள் எட்டாது.

நாம் எங்கே பார்க்கிறோம் என்பதை வீட்டில் எல்லாரும் கண்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆயா காப்பித் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். உடனே உள்ளே போய்விடுபவர் அன்று போகவில்லை. சுவரைப் பிடித்தபடி நின்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னைக்கி நீங்க என்னமோ சொன்னீங்களே சாமி, எனக்கு ஒண்ணும் விளங்கல. அது என்ன?"

"அம்மா, அன்று எனக்கும் விளங்கவில்லை" என்று சொன்னோம்.

"சரிங்க சாமி" என்றார் ஆயா. அதே இரண்டு சொற்கள்தாம். ஆனால் இம்முறை நமக்கு எதிரில் தரையிலே அமர்ந்து, அந்த ஆறு வயது மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவன் செய்த குறும்புகள், பூசையில் கேட்ட கேள்விகள், உபதேசியாரின் குடையை ஒளித்துவைத்த கதை. பேரப்பிள்ளைகள் அவற்றையெல்லாம் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். குடைக் கதைக்கு ஆயாவே சிரித்தார். அந்த வீட்டிலே இருபது ஆண்டுகளாகப் பெயர் சொல்லப்படாமல் இருந்த பிள்ளை அன்று மீண்டும் குடும்பத்தில் ஒருவனானான்.

ஆயாவின் துயரம் தீர்ந்துவிட்டது என்று நாம் எழுத மாட்டோம். மறுவாரப் பூசையிலும் நன்மை வாங்கியபின் கண்ணீர் விட்டார். தீராத துயரமும் உண்டு. அதை யாரோடும் பேச இயலாத நிலை மட்டும் தீர்ந்தது. அதைத் தீர்த்தவள் மறைக்கல்வி இரண்டாம் வகுப்புக்கூட எட்டாதவள்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இத்தகைய மறையுரைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளையின் காதுபடப் பிறருக்குச் சொல்லிச் சிரிக்காதீர்கள். தன் செபத்தைக் கண்டு ஊர் நகைக்கிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை மனத்துக்குள் பூட்டிவைத்துக்கொள்ளும். செலி அம்மாளைப்போல ஓர் ஏட்டில் நாளிட்டு எழுதிவையுங்கள். பிள்ளை வளர்ந்து விசுவாசத்தில் தடுமாறும் நாளில் அந்த ஏட்டை அதன் கையிலே கொடுக்கலாம். கேள்விக்கு விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லுங்கள். நமக்கு அதைச் சொல்ல இருபது ஆண்டுகள் பிடித்தன. பிள்ளையின் சொல்லிலே உங்கள் குற்றம் தெரிந்தால், அந்த விசைப்படகுக்காரரைப்போல ஓங்கிய கையை இறக்கிவிடுங்கள்.

சிறுமிக்கு இப்போதும் புதுநன்மைக்கு வயது வரவில்லை. அப்பத்துக்கும் இட்லிக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி இனி அவளைப் பரீட்சை செய்வதில்லை என்று நாம் முடிவு செய்துவிட்டோம். காலம் வரும்போது அவள் வரிசையில் வந்து நிற்பாள். ஆயாவும் பக்கத்தில் நிற்பார்.

அதுவரை இன்றிரவு உங்கள் வீட்டுக் குடும்பச் செபத்தில், கடலில் இருக்கும் தந்தையர் அனைவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பீடத்தில் உள்ளவரை உங்கள் பிள்ளை தொட்டு எழுப்ப விரும்பினால், தடுக்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.